இருட்டாக வந்தால்தான் நல்ல படம்

எங்கள் தொழிலில் நாள் தொடங்குவது ஒரு தொலைபேசி மணியில். கீழ்த்தளத்தில் சைக்ளோட்ரானை ஓட்டுபவர் கூப்பிட்டு, "கதிரை நிறுத்திட்டேன், வாயு மேல வருது" என்பார். போனை வைக்கும் முன்பே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்வேன். அந்த நொடியிலிருந்து என் கையிலிருக்கும் சரக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். துல்லியமாகச் சொன்னால் 20.4 நிமிடம். கார்பன்-11 என்ற கதிரியக்கக் கரிமத்தின் அரை ஆயுள் அது. ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் கால் பங்கு கரைந்திருக்கும். மூன்றரை மணி நேரம் கழித்துத் தேடினால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இங்கிலாந்தில் ஒரு பெட் ஸ்கேன் ஆய்வுக்கூடத்தில் கதிர்மருந்து வேதியியலாளராகப் பல வருடம் வேலை பார்த்தேன். ஊரில் யாராவது கேட்டால் "ஸ்கேன் சென்டர்ல வேலை" என்று முடித்துக்கொள்வேன். அம்மா மட்டும் விடமாட்டாள். "அப்போ படம் எடுக்குறியா?" என்பாள். படம் எடுப்பது வேறு ஆட்கள். படத்தில் தெரிய வேண்டிய மருந்தைச் சமைத்துக் கொடுப்பது என் வேலை. பாதி சமையல், பாதி ஓட்டப்பந்தயம்.

நான் சமைத்தவற்றில் மறக்க முடியாதது வெரபமில். இதயத்துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கிற பழைய மாத்திரைதான். அதைக் கதிரியக்க வடிவில், வலிப்பு நோயாளிகளின் நரம்பில் ஏற்றினோம். வலிப்பைக் குணப்படுத்த அல்ல. மூளையின் வாசலில் என்ன நடக்கிறது என்று பார்க்க.

*

விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவின் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஊர் வாயில் அது காக்கா வலிப்பு. அத்தை விழுந்ததும் யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இரும்பைக் கையில் திணித்தால் நின்றுவிடும் என்று நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். நின்றதும் பெயர் சாவிக்குப் போகும்.

அத்தை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். ஒருநாள் வேலை நேரத்தில் விழுந்தாள். மறுநாள் போனபோது கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்தி, "உள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அதன் பிறகு அவள் உலகம் வீடும் மாத்திரை டப்பாவும்தான். கார்டினால், எப்டாயின், டெக்ரிடால் என்று மாறி மாறி வந்தன. எப்டாயினில் ஈறு வீங்கிச் சிரிக்கவே கூச்சப்பட்டாள். மாதத்துக்கு நாலைந்து தடவை விழுவது மட்டும் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "மாத்திரைய ஒழுங்கா போடுறியா?" ஒருமுறை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவு இருந்தது. அதைப் பார்த்தும் டாக்டர் நம்பவில்லை. "டெஸ்டுக்கு வர்றோம்னு நேத்து சேர்த்துப் போட்டிருப்பே" என்றார். துணைக்குப் போன எனக்கு அப்போது பதினைந்து வயது. அத்தை ஒன்றும் சொல்லாமல் மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அவளைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கிளாஸ்கோவில் குவான், பிராடி என்ற இரு மருத்துவர்கள் 525 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். முதல் மருந்திலேயே அடங்கிவிடுபவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். முதல் இரண்டு மருந்தும் கேட்கவில்லை என்றால், மூன்றாவதும் நான்காவதும் கேட்பது அபூர்வம். மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு நிற்பதில்லை. வெவ்வேறு விதமாக வேலை செய்கிற மருந்துகள் ஒரே ஆளிடம் வரிசையாகத் தோற்பது ஏன்? தோற்ற மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தடை ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று சிலர் யோசித்தார்கள். எல்லா மருந்தும் கடந்தாக வேண்டியது மூளையின் வாசல்.

*

அந்த வாசல் இருப்பது சாயங்களால் தெரியவந்தது. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். உறுப்புகள் எல்லாம் நிறமேறின. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலும் என்று நினைத்தார். அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரிலேயே செலுத்திப் பார்த்தார். இம்முறை மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. ஆக, சாயம் ஒட்டாமல் போகவில்லை; இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ தடுக்கிறது.

மூளையின் நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கித் தைத்ததுபோல இருக்கும். அந்தச் சுவரில், இரத்தத்தைப் பார்த்த பக்கம், பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. சுவருக்குள் நுழைந்த பொருளைக் காவலாளிபோலப் பிடித்து மறுபடி இரத்தத்திலேயே தள்ளிவிடும். 1976இல் கனடாவில் ஜூலியானோவும் லிங்கும் மருந்துக்கு அசையாத செல்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய் மருந்துகள் பலிக்காமல் போவதற்கு ஒரு காரணமாக அது முதலில் பேசப்பட்டது. 1995இல் டிஷ்லர் குழுவினர், அடங்காத வலிப்புக்காக அறுவைசிகிச்சை செய்து எடுத்த மூளைத் திசுவில் இந்தப் புரதத்துக்கான மரபணு மிகையாக வேலை செய்வதை 19 பேரில் 11 பேரிடம் பார்த்தார்கள்.

சரி, காவலாளி கூடுதலாக இருக்கிறான். அதனால்தான் மருந்து போகவில்லை என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தால் நன்றாக இருப்பவரின் மூளைத் துண்டும் வேண்டும். நன்றாக இருப்பவரின் மண்டையை யார் திறப்பார்கள்? திறக்காமல் பார்க்க வேண்டும். எங்கள் தொழில் இந்த இடத்தில் உள்ளே வருகிறது.

வலிப்பு மருந்தையே கதிரியக்கமாக்கி ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். பிரான்ஸில் ஓர்சே ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தார்கள். கார்பன்-11 பூட்டிய ஃபெனிடாயின், அத்தை சாப்பிட்ட அதே எப்டாயின், மனித மூளையில் எப்படிப் பரவுகிறது என்று பாரோனின் குழு 1983இலேயே படம் எடுத்திருக்கிறது. ஆனால் ஃபெனிடாயின் ஓரளவு தாராளமாக உள்ளே போய்விடும் மருந்து. காவலாளி கொஞ்சம் கடுமையானால் ஏற்படும் சிறு வித்தியாசம் படத்தில் தெரியாமல் போகலாம். காவலாளியைச் சோதிக்க, அவன் கண்டால் விடவே விடாத ஆளை அனுப்ப வேண்டும். வெரபமில் அப்படிப்பட்ட ஆள்.

*

நைட்ரஜன் வாயுவில் புரோட்டானை மோதவைத்தால் கார்பன்-11 பிறக்கிறது. அது கார்பன் டைஆக்சைடாகக் குழாய் வழியே ஈயச் சுவர் போட்ட ஹாட் செல்லுக்கு வந்து சேரும். அதை மீதைல் வடிவத்துக்கு மாற்றி, ஒரு மீதைல் மட்டும் குறைவாக இருக்கும் வெரபமிலோடு சேர்த்தால், காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சுத்திகரிப்பு, உப்புநீரில் கரைப்பு, நுண்வடிகட்டி, குப்பி. நாற்பது நிமிட வேலை. முடிக்கும்போது வந்த சரக்கில் கால்வாசிதான் மீதி.

அதற்கப்புறம் சோதனைகள். நிறம், அமிலத்தன்மை, தூய்மை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிருமி இருக்கிறதா என்ற வளர்ப்புச் சோதனையின் முடிவு மட்டும் இரண்டு வாரம் கழித்து வரும். மருந்து மறைந்து, நோயாளி வீட்டுக்குப் போய், நாங்கள் மறந்தே போன ஒரு நாளில் "கிருமி இல்லை" என்று காகிதம் வரும். புதிதாகச் சேருபவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். முடிவுக்குக் காத்திருக்க முடியாது என்பதால்தான் வடிகட்டியைக் கண்ணைப்போலப் பார்த்துக்கொள்கிறோம். மருந்து வடிந்தபின் ஈரமான வடிகட்டிக்குள் வாயுவை அழுத்திச் செலுத்துவோம். குறித்த அழுத்தம் வரைக்கும் மறுமுனையில் குமிழ் வரக்கூடாது. சீக்கிரமே வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது.

ஒருமுறை வந்தது. நோயாளி ரயிலில் அக்காவோடு வந்திருந்தவர். வலிப்பு இருப்பதால் கார் ஓட்ட உரிமம் கிடையாது. காலையிலிருந்து வெறும் வயிறு. மணிக்கட்டுத் தமனியில் ஊசியும் போட்டாயிற்று. அது லேசான விஷயமில்லை. முதலில் இரண்டு தமனிகளையும் விரலால் அழுத்தி உள்ளங்கையை வெளுக்கவைத்து, ஒன்றை மட்டும் விட்டு, இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, மரக்க ஊசி போட்டு, பிறகுதான் குழாயைச் செருகுவார்கள். குப்பி முழுக்க மருந்து இருக்கிறது, அழகாக, தெளிவாக. குமிழோ அரை அழுத்தத்திலேயே வந்துவிட்டது. கொட்டத்தான் வேண்டும்.

நானே போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை செய்ய இரண்டு மணி நேரமாகும், முடியாவிட்டால் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் படுத்தபடியே, "உங்க மருந்துக்கும் என் மூளைக்குள்ள போகப் பிடிக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார். காத்திருந்தார். இரண்டாவது தேறியது. அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது: வடிகட்டி தேறிய செய்தி வந்த பிறகுதான் மணிக்கட்டில் ஊசி. அதற்காகப் பத்து நிமிடம், அதாவது சரக்கில் கால் பங்குக்கு மேல், இழக்கச் சம்மதித்தோம்.

ஊசி ஏறியதும் ஸ்கேனர் ஓட ஆரம்பிக்கும். முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மண்டைத்தோல் தெரிகிறது, மூளை இருக்க வேண்டிய இடம் இருட்டு. நடுவில் பிட்யூட்டரி சுரப்பி மட்டும் அகல் விளக்குப்போல மினுங்குகிறது. அங்கே அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. "நல்லா வந்திருக்கு" என்றார் பக்கத்திலிருந்த இயற்பியலாளர். மூளை இருட்டாக இருந்தால் காவலாளி விழித்திருக்கிறான் என்று அர்த்தம். இத்தனை ஓட்டமும் ஓடி, இருட்டுப் படத்துக்காகக் காத்திருக்கும் தொழில் வேறெங்கும் இருக்காது.

ஆனால் இருட்டுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான இருட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதனால் டாரிக்விடார் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்துக் காவலாளியின் கையைக் கொஞ்சம் கட்டிவிட்டு மறுபடி ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். புற்றுநோய்க்காக உருவாகி அங்கே தேறாமல் போன மருந்து அது. இந்தச் சோதனையில் கைகொடுத்தது. கட்டிய பிறகும் உள்ளே போவது குறைவாகவே இருந்தால், காவல் அங்கே பலமாக இருக்கிறது.

*

படம் மட்டும் போதாது. மூளைக்குள் எவ்வளவு போனது என்று சொல்ல, வாசலுக்கு எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் தமனி இரத்தம். ஸ்கேன் ஓடும்போதே குறித்த நிமிடங்களில் சிரிஞ்சு சிரிஞ்சாக என் மேஜைக்கு வரும். சுழலியில் போட்டுப் பிளாஸ்மாவைப் பிரித்து, அதில் இன்னும் வெரபமிலாகவே இருப்பது எவ்வளவு, கல்லீரல் உடைத்துவிட்ட துண்டுகள் எவ்வளவு என்று கணக்கெடுப்பேன். ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். கதிரை எண்ணத் தெரியும், ஆளை அடையாளம் தெரியாது.

ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலரை முடித்த பிறகு முதல் நோயாளி வந்தார். அவருடைய பிளாஸ்மாவில் துண்டுகள் சீக்கிரமே குவிய ஆரம்பித்தன. தன்னார்வலர்களிடம் பார்த்த வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் குழாயைக் கழுவி மறுபடி ஓட்டினேன். அதே விடை. மாதிரி மாறிவிட்டதோ என்று குப்பிகளின் எண்ணைச் சரிபார்த்தேன். கை நடுங்கியது, எண்கள் ஒருபக்கம், கரைந்துகொண்டிருக்கும் கார்பன் ஒருபக்கம்.

எங்களோடு இருந்த வயதான வேதியியலாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கருவியை விடு, அவரோட மாத்திரைப் பட்டியலை எடு" என்றார். கார்பமாஸெபின். அத்தையின் டெக்ரிடால். கார்பமாஸெபினும் ஃபெனிடாயினும் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடும். அதே நொதிகள்தான் வெரபமிலையும் உடைக்கின்றன. பல வருடம் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவரின் கல்லீரல் வெரபமிலைப் பார்த்ததும் வேகமாக நறுக்கித் தள்ளிவிடுகிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் ஒப்பிட்டால், கல்லீரல் செய்ததை மூளையின் தலையில் கட்டிவிடுவோம். துண்டுகள் பெருகும் முன்பான முதல் பத்து நிமிடத்தை வைத்து மட்டும் கணக்குப் போடும் முறை இந்தத் துறையில் வந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று இரவு அறைக்குப் போனபின்னும் அந்தப் பட்டியல் கண்ணிலேயே நின்றது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதற்கான சாட்சி, அவருடைய கல்லீரலே. நேற்று ஒருநாள் சேர்த்துப் போட்டால் கல்லீரல் அப்படி மாறாது. நாள் தவறாமல், வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி அறையில் இதைச் சொல்ல யாருமில்லை.

*

உலகம் இதில் என்ன கண்டது? வியன்னாவில் ஆலிவர் லாங்கரின் குழு 2007இல் ஏழு நோயாளிகளைப் பார்த்தது. வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள். நோயுள்ள பக்கத்தையும் மறுபக்கத்தையும் ஒரே மண்டைக்குள் ஒப்பிட்டார்கள். உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. 2013இல் மரியா ஃபெல்ட்மன், மத்தியாஸ் கெப் முதலானோர் லான்செட் நியூராலஜியில் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. மருந்துக்கு அடங்காத 14 பேர், மருந்தால் வலிப்பு நின்ற 8 பேர், ஆரோக்கியமான 13 பேர். அடங்காதவர்களின் மூளையில் சில பகுதிகளில் வெரபமில் நுழையும் வேகம், வலிப்பு நின்றவர்களைவிடக் குறைவு. டாரிக்விடார் கொடுத்த பிறகு வரும் ஏற்றமும், ஆரோக்கியமானவர்களோடு பார்த்தால், சில இடங்களில் மட்டு. மண்டையைத் திறக்காமலே, "ஆமாம், இவர்களில் சிலருக்கு வாசலில் காவல் அதிகம்" என்று சொல்ல முடிந்தது.

இதோடு கதை சுபம் என்று முடித்தால் நான் பொய் சொன்னவளாவேன். வலிப்பு மருந்துகளில் எவை எவற்றை இந்தப் புரதம் உண்மையிலேயே தள்ளுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. காவலாளியை நிரந்தரமாகக் கட்டிப்போடவும் முடியாது. குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நச்சைத் தள்ளுகிற வேலையையும் அவனேதான் பார்க்கிறான். அவனை அடக்கி வலிப்பைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. வாசல் திறந்திருந்தும் மருந்து பலிக்காதவர்கள் உண்டு. உள்ளே மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே அவர்களிடம் மாறிப்போயிருக்கலாம் என்பது இன்னொரு கட்சி.

வாசலைப் பார்ப்பதை விட்டு, மருந்து போய்ச் சேரும் வீட்டையே பார்க்கும் வழியும் வந்துவிட்டது. இன்று நம்மூர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் லெவெடிராசெட்டம், எஸ்வி2ஏ என்ற புரதத்தில்தான் ஒட்டுகிறது என்று 2004இல் தெரியவந்தது. அதே புரதத்தில் ஒட்டும் யுசிபி-ஜே என்ற கார்பன்-11 பொருளை வைத்து யேல் பல்கலைக்கழகத்தார் 2016இல் மனித மூளையைப் படமெடுத்தார்கள். இங்கே படம் வெளிச்சமாக வரும், வீடெல்லாம் குடியிருக்கும். பிறகு மருந்தை நரம்பில் ஏற்றினால், மருந்து உள்ளே போய்க் குடியிருப்பதை வெளியேற்றும். வெளிச்சம் குறையும் வேகம், மருந்து வந்து சேர்ந்த வேகத்தைக் காட்டும். லெவெடிராசெட்டத்தின் தம்பியான பிரிவராசெட்டம் ஏற்றியபோது, வெளிச்சம் குறைவதில் பாதி சுமார் பத்து நிமிடத்திலேயே நடந்துவிட்டது. அண்ணனுக்கு அரைமணியை ஒட்டி ஆனது. கொழுப்பில் எளிதாகக் கரைவதால் தம்பிக்குச் சுவரைக் கடப்பது சுலபம். வலிப்பு நிற்காமல் தொடரும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த இருபது நிமிடம் என்னவென்று தெரியும்.

*

ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது அத்தைக்கு இதையெல்லாம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது லெவெடிராசெட்டமும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சுவர், காவலாளி, இருட்டுப் படம் என்று தெரிந்த மாதிரியெல்லாம் விளக்கினேன். "யாரு, நம்ம தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் மேலயும் தப்பில்ல தாயி. விடாதேன்னு சொல்லித்தான் அவனுக்குச் சம்பளம்."

ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் படுக்கப் போகும்போது, பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்தே வந்துவிட்டது:

"அத்தை, மாத்திரை போட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அத்தை பாயை விரித்தபடியே திரும்பிப் பார்த்தாள். "நான் போட்டுட்டேன். அது போய்ச் சேர்ந்துச்சான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."